துணிக்கம்பம்

காலை ஏழேகாலுக்கு முதல் படகு, பதினான்கு வீடு, பெயர் கோரைத்திட்டு. எங்கள் ஊரைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதிலும் இரண்டு தப்பு. முதல் படகு ஏழேகாலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. பதினான்கு வீட்டில் ஐந்தில் ஆள் கிடையாது, பூட்டுதான் இருக்கிறது. பெயர் மட்டும் சரி.

உட்காருங்கள் சார். இந்தப் பூவரச நிழல் உச்சிவரைக்கும் நகராது. ஊரை அளக்க வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அளந்துகொள்ளுங்கள். ஆனால் அடுத்த வருஷம் வந்தால் அளவு வேறாக இருக்கும். அப்போது, இந்தப் பக்கிரிசாமி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று என்னைக் குறை சொல்லக்கூடாது. அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

கொள்ளிடம் அதோ அந்த மேற்கு முனையில் வந்து முட்டி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகிற கிளை அகலம், ஆழமில்லை. தெற்கே போகிறது குறுகல், ஆழம். இரண்டும் கிழக்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். நடுவில் நாங்கள். தண்ணீர் முட்டுகிற மேற்கு முனை வருஷா வருஷம் கரையும். அங்கே கரைந்த மண் கிழக்கு வாலில் வந்து படியும். ஆக ஊர் கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. என் அப்பா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கெண்டை பிடிக்கிறார்கள். கோயில் கட்டினால் ஆறு கொண்டுபோய்விடும் என்று சூலம் மட்டும் நட்டோம். அதையும் மூன்று தடவை பிடுங்கி நட்டாயிற்று. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்துப் பெருவெள்ளம் ஒன்று விட்டுப்போன மேடு இது. முதலில் கோரைதான் முளைத்தது. தெற்குக் கரையிலிருந்து மூன்று குடும்பம் வெள்ளரி போட வந்தது, போட்ட வெள்ளரி நன்றாகக் காய்த்தது, திரும்பிப் போகவில்லை. அதில் ஒன்று எங்கள் குடும்பம். அப்புறம் கத்தரி, அப்புறம் மல்லிகை. அக்கரைக் கடைத்தெருவில் விற்கிற மல்லிகையில் பாதி இந்தத் திட்டில் பூத்ததுதான். வாங்குகிறவனுக்கு அது தெரியாது.

மண் நகர்வதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. மேற்கே யார் நிலம் கரைகிறதோ, கிழக்கே புதிதாக விழுகிற மண் அவருக்கு. இது எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். உத்திராபதிக்குத் தெரியாமல் போய்விட்டது.

உத்திராபதி எனக்கு அண்ணன் முறை. அவர் வீடு அதோ, முருங்கைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு வேலி. ஒரு வருஷம் என் மல்லிகைக் கொல்லை மொத்தமும் ஆற்றோடு போயிற்று. பூத்த செடி, மொட்டோடு மிதந்து போனதை நின்று பார்த்தேன். அந்தத் தையிலேயே கிழக்கே நல்ல வண்டல் விழுந்தது, உத்திராபதி நிலத்தை ஒட்டி. நான் போய் முளை அடித்தேன். மறுநாள் பிடுங்கிப் போட்டிருந்தார்.

“என் வேலிய ஒட்டி வுழுந்த மண்ணு எனக்குத்தான்டா.”

“ஒழுங்கு அப்படியாண்ணே?”

“ஒழுங்கு பேசுறியா? எனக்கு ரெண்டு பயலுவ இருக்கானுவ. ஒனக்கு ஒரு பொட்டப்புள்ள. இம்புட்டு மண்ண வாரி யாருக்குடா வைக்கப்போற?”

ஊர் கூடி, பாதி பாதி என்றது. பாதி எதற்கு சார்? எனக்கு உள்ளது முழுசும் எனக்கு உள்ளது. பாதியை வாங்கினால் அவர் சொன்னதும் பாதி நியாயம் என்று ஆகிவிடாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தினேன். அந்த வீட்டுத் தண்ணீர், நெருப்பு, எதுவும் கூடாது என்று என் வீட்டிலும் சொன்னேன். தையல்நாயகி கேட்டாள், “வேலி மேல பூசணி அந்தப் பக்கம் போயி காய்க்குதே, அதுக்கும் சொல்லிட்டு வரட்டுமா?” என்று. என் பெண்சாதிக்கு வாய் கொஞ்சம் அதிகம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

இப்போது அந்தக் கம்பத்தைப் பாருங்கள். தெற்குத் துறையில், மொட்டையாக நிற்கிறதே, பனங்கம்பம். போனெல்லாம் வருவதற்கு முன்னால் எங்களுக்கு அதுதான் வாய். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் எங்கள் தோணி தாங்காது. அக்கரையிலிருந்து பெரிய படகு வர வேண்டும். படகுக்காரன் கலியபெருமாள். உங்களை இறக்கிவிட்டுப் போனானே, அவனேதான். கம்பத்தில் சிவப்புத் துணி ஏறினால், உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஓடி வா. பிரசவம், பாம்புக்கடி, எதுவானாலும் சிவப்பு. வெள்ளை ஏறினால், போய்விட்டது. பாடைக்கு மூங்கில், மேளம், குழி வெட்ட ஆள், எல்லாம் அக்கரையிலிருந்துதான் வரவேண்டும், சேர்த்துக்கொண்டு வா. சிவப்பென்றால் அவன் ஆற்றைப் பார்க்கமாட்டான், இறங்கிவிடுவான். வெள்ளையென்றால் ஆற்றைப் பார்த்துத்தான் இறங்குவான். செத்தவருக்காக இன்னும் நாலு பேர் சாகக்கூடாது இல்லையா? அதுவும் ஒழுங்குதான். அதை நான் தப்புச் சொல்லவில்லை.

2005 வெள்ளத்தில் ஊரே அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. நாங்கள் போகவில்லை. நான், தையல்நாயகி, எங்கள் பெண் அபயா. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மேடு நன்றாகக் காய்ந்துதான் கிடந்தது, பயமொன்றும் இல்லை. கடைசி நடைப் படகில் இடமும் இருந்தது. கலியபெருமாள் கூப்பிட்டான். ஆனால் உத்திராபதி குடும்பம் அதில் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் எப்படி சார் ஏறுவது?

“புள்ளையையாவது அனுப்புங்களேன்” என்றாள் தையல்நாயகி.

“ஒண்ணா இருந்தவங்க ஒண்ணாவே இருப்போம்” என்றேன்.

ஊரில் நாங்கள் மூன்று பேர்தான். அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. கோழிகூட மெதுவாகக் கூவியது.

அதற்கு மறுநாள் விடிந்ததும் ஆட்டுக்குத் தழை அள்ளப் போன தையல்நாயகியைப் பாம்பு கடித்தது. கண்ணாடிவிரியன். வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு வந்த பாம்பு. அதுவும் எங்களைப் போலத்தான். நான் அடித்துப் போட்டேன். அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தாள். வாசலில் உட்கார்ந்ததும் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது.

சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு சிவப்புக் காடாத் துணி இருந்தது. கம்பத்துக்குக் கிட்ட இருக்கிற வீடு என்று உத்திராபதி வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகியிருப்பார்கள். வீடு திறந்துதான் கிடந்தது. வெள்ளத்துக்குப் போகிறபோது நாங்கள் யாரும் பூட்டமாட்டோம்.

அபயா சொன்னாள், “அப்பா, பெரியப்பா வூட்டு எரவாணத்துல செவப்புத் துணி இருக்குப்பா. போயி எடுத்துட்டு வரட்டா?”

“அந்த வாசல்ல கால வச்ச, அப்புறம் காலு இருக்காது” என்றேன்.

சின்னப் பிள்ளை, அதற்கென்ன தெரியும்? ஆள் இல்லாத வீட்டில் புகுந்து எடுத்தால் நாளைக்கு உத்திராபதி என்ன சொல்வார்? அதுவும் என் வீட்டில் சிவப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை. என் வீட்டிலேயே இருக்கிறபோது எதற்கு இன்னொருத்தனிடம் போய் நிற்பது? தையல்நாயகியின் கூறைப்புடவை பெட்டியில் இருந்தது. நானே மாயவரம் போய் எடுத்தது. மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. அதைக் கட்டிக்கொண்டு அவள் மணவறையில் உட்கார்ந்தபோது, மாப்பிள்ளை முகத்திலும் அந்த நிறம் அடிக்கிறது என்று கேலி செய்தார்கள். நல்ல உழைப்பு உழைத்த சேலை. அபயாவுக்குத் தூளி கட்டியது அதில்தான். மூன்று வருஷம் நித்தம் ஆற்றில் அலசி வெயிலில் போட்டு எடுப்பாள். தைக்குத் தை கட்டுவாள். ஒரு இடம் கிழியவில்லை.

எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பத்தில் ஏற்றினேன். காற்று நன்றாக அடித்தது. சேலை முழுசாக விரிந்து பறந்தது. பார்க்க அழகாக இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள், “எதக் கட்டுனீங்க?”

“ஒன் கூறச்சேலைய.”

“அதையா? அது வெளுத்துல்ல போச்சு” என்றாள்.

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சேலைக் கவலை. “போனாப் போவுது, வேற எடுத்துக்கலாம்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் பேச்சு சரியாக வரவில்லை.

நான் துறைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். அக்கரையில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. எங்கள் ஊர் ஜனம்தான். பொம்பளைகள் கையைத் தூக்குவது தெரிந்தது. வருகிறோம், வருகிறோம் என்று காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மாரில் அடித்துக்கொண்டார்களாம், பிறகு சொன்னார்கள். வெள்ளத்தில் ஆறு அகன்று கிடந்தது, அத்தனை தூரத்தில் எது எப்படித் தெரியும்? நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். அதைப் பார்த்து இன்னும் அழுதார்களாம்.

படகு அசையவில்லை. கலியபெருமாள் துறையில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன் சார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கவேயில்லை. வெயில் உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. வேகம் கொஞ்சம் குறைந்த பிறகுதான் படகை அவிழ்த்தான்.

பாதி ஆற்றில் வரும்போது மேளச் சத்தம் கேட்டது. சாவு மேளம். அக்கரையில் யாரோ போய்விட்டார்கள் போல, அதனால்தான் இவன் வரத் தாமதம் என்று நினைத்தேன். அபயா ஓடிவந்து, “அப்பா, மேளம் படகுலேர்ந்துதாம்ப்பா வருது” என்றாள். அப்புறம் பார்த்தேன். படகில் மூங்கில். நாலு மேளக்காரர்கள். உத்திராபதி முன்னால் நிற்கிறார், கையில் மாலை. மல்லிகை மாலை.

வீட்டுக்கு ஓடினோம். தையல்நாயகிக்குக் கேட்டுவிட்டது. அபயா உட்கார்ந்ததும் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து, “யாருக்குடி மேளம்?” என்றாள்.

அபயா அம்மாவின் காதைக் கையால் பொத்தினாள்.

“எனக்கா?” என்றாள்.

அவர்கள் மேட்டில் ஏறி வந்து, வாசலில் அவள் கண் திறந்திருப்பதைப் பார்த்தார்கள். மேளம் நின்றது. உத்திராபதி கையிலிருந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கலியபெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மூங்கிலைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். மேளக்காரர்களைக் கரையிலேயே விட்டுவிட்டு, நான், அபயா, உத்திராபதி, கலியபெருமாள், அவளோடு அஞ்சு பேர் கிளம்பினோம். அவன் துடுப்புப் போட்டதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கைத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. என்ன புண்ணியம்? பாதி ஆற்றில் போய்விட்டாள்.

“வெள்ளையப் பாத்தண்ணே, வெள்ளையத்தான்ணே பாத்தேன்” என்று அழுதான். நான் துடுப்பைப் பிடுங்கி அடித்தேன். தலையில் ஒன்று, தோளில் இரண்டு. அவன் தடுக்கவில்லை. குற்றம் இல்லாதவன் தடுப்பானா மாட்டானா, நீங்களே சொல்லுங்கள்.

பதினாறாம் நாள் ஊர் கூடியது. நான்தான் கூட்டினேன். சேலையைக் கொண்டுபோய் நடுவில் விரித்தேன். “இது என்ன நெறம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றேன். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை சார். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிலேயே தெரியவில்லையா, யார் பக்கம் நியாயம் என்று? உத்திராபதி ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார்.

“வூடு தொறந்துதானடா கெடந்துச்சு, பக்கிரி. உசுரு இருந்தா எரவாணத்துலேர்ந்து செவப்ப எடுத்துக் கட்டியிருப்பான்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்.”

பாருங்கள், அப்போதும் அவர் வீட்டுத் துணியைப் பற்றித்தான் பேச்சு. அதன் பிறகு அவரே வந்து கிழக்கு வண்டல் முழுசையும் எடுத்துக்கொள் என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதில் கருவேலம்தான் இருக்கிறது. நீங்கள் அளக்கும்போது பார்ப்பீர்கள்.

இருங்கள், சேலையை எடுத்து வருகிறேன். படித்தவர், வெளியூர், உங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

இதோ. வெயிலில் பிடிக்காதீர்கள், இப்படி நிழலுக்கு வாருங்கள். இப்படி வைத்து, இந்தக் கரையோரம், மடிப்புக்குள்ளே பாருங்கள். விரலால் பிரித்துப் பாருங்கள். சிவப்பா, இல்லையா?

ஆற்றைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை. உங்களுக்கும் திரும்பிப் போக அவன் படகுதானே.

அபயாவைப் படிக்க அக்கரையில் அவள் சித்தி வீட்டில் விட்டேன். சித்தி வீடு துறையோரம், கலியபெருமாள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவனுக்குப் பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டால் அவன் வீட்டில்தான் கிடப்பாளாம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவனாம். பெரிய மனுஷியானபோது பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டியது அவனாம். எல்லாம் ‘ஆம்’தான், நான் எங்கே பார்த்தேன்? நான் அவன் படகில் கால் வைப்பதில்லை, எங்கள் தோணியும் அந்த வெள்ளத்தோடு போயிற்று. கோடையில் ஆற்றில் மணல் தெரிந்தால் நடந்து போவேன், பார்த்துவிட்டு வருவேன். தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த கோடைதான். ஒவ்வொரு கோடைக்கும் அவள் ஒரு சாண் வளர்ந்திருப்பாள். என்னைப் பார்த்ததும், “சாப்டீங்களாப்பா?” என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் எனக்கும் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே தேடுவோம். பெண்ணை என்னிடமிருந்து பிரித்தது யார்? அவன்தான். முதலில் தாயை, பிறகு பெண்ணை.

கல்யாணம் நிச்சயமானதும் சித்திரை மாதம் மணலில் நடந்து அவளே வந்தாள். பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்தாள். விழுந்து கும்பிட்டாள். அப்பாவுக்குப் பத்திரிகை வைக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

“தாரை வார்க்க வந்துடுங்கப்பா. நடந்தே வந்துடலாம். முடியலன்னா நா வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“வர்றேன்” என்றேன். “ஒரே ஒரு வார்த்த. கலியபெருமாள் வந்து எம் மூஞ்சப் பாத்து, அது செவப்புதான்னு சொல்லட்டும். அத்தன வருஷத்தையும் நா அப்படியே வுட்டுடுறேன். அவனுக்கு நானே மால போட்டுச் சம்பந்தி வரிசையில ஒக்கார வைக்கிறேன்.”

அவள் தாம்பாளத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அவரு சொல்றேன்னுட்டாருப்பா.”

“என்ன?”

“போன வாரமே சொன்னாரு. நா போயி ஒங்கப்பாகிட்ட செவப்புதான், எங் கண்ணுதான் தப்புன்னு சொல்லிடுறேன்மா, மனுசன் ஒன் கல்யாணத்துக்கு வரட்டும்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏண்டி?”

“நா அன்னிக்கிக் கேட்டேனேப்பா” என்றாள். “போயி எடுத்துட்டு வரட்டான்னு.”

எனக்கு அது இன்றைக்கும் புரியவில்லை சார். நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. ஒன்பது வயதில் கேட்டதை இருபத்தேழு வயதுவரை யாராவது வைத்துக்கொண்டிருப்பார்களா? எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் இருந்த சோற்றை வடித்து வைத்துவிட்டு, “கஞ்சியில உப்புப் போட்டிருக்கேன், மறுபடியும் போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு, மணலில் இறங்கி நடந்தாள். அக்கரை ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புவாள் என்று நினைத்தேன்.

அவனும் வந்து சொல்லவில்லை.

2023 மே 21, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கரை மாரியம்மன் கோயிலில் அபயாவுக்குக் கல்யாணம் நடந்தது. கலியபெருமாளும் அவன் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை.